தலையிடிக் கொப்பிக்குள் கிடக்கும் மனவடு

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சோர்வு, தற்கொலைத் தடுப்பு, போதைப் பழக்கம் பற்றியெல்லாம் பத்திரிகைகளில் இப்போது அடிக்கடி எழுதுகிறார்கள். நல்லது. ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில் பல வேளைகளில் கிடக்கும் இன்னொன்று நோயாளியின் கிளினிக் கொப்பியிலேயே ஏறுவதில்லை. பத்திரிகைக்கு எப்படி வரும்? சிக்கலான மனவடு நோய் என்று அதற்குப் பெயர்: பெரும்பாலும் நீண்டகாலம் வதைபட்டவர்களின் மனதில் அந்த வதை விட்டுச்செல்லும் நோய். அதை இனங்காண்பதில் எங்கே வழுக்குகிறது, ஏன் வழுக்குகிறது என்பதை இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் நாற்பது வயதுப் பெண் எவரும் "எனக்கு மனவடு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "தலையிடி, நெஞ்சு அடைக்குது, பெருமூச்சு விட்டுவிட்டே களைச்சுப்போறன், ராவில நித்திரை இல்லை" என்பார். ஐந்து நிமிடத்தில் பனடோல், வயிற்றெரிவுக்கு ஒமிப்ரசோல், ஒரு இ.சி.ஜி. இ.சி.ஜி. சரியாக இருக்கும். அடுத்த மாதம் அதே முறைப்பாடு, கூடவே நித்திரைக்கு ஒரு குளிசை. கொப்பி நிறைந்து இரண்டாவது கொப்பி தொடங்கும். அதில் எத்தனையோ மருந்துப் பெயர்கள் இருக்கும். "ஏன் நித்திரை வரவில்லை, படுத்ததும் என்ன நடக்கிறது" என்ற கேள்விக்கான விடை மட்டும் ஒரு பக்கத்திலும் இருக்காது.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற பெயரை இங்கு பலர் அறிவர். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கைநூலில் அது இடம்பெற்றது. ஒரே ஒரு விபத்தோ தாக்குதலோ அல்லாமல், தப்ப வழியில்லாத நிலையில் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக வதைபட்டவர்களின் நோய் அந்த வரையறைக்குள் அடங்கவில்லை என்று 1992இல் ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் இதற்குக் கிட்டிய ஒரு பெயர் இருந்தது: பேரழிவு அனுபவத்துக்குப் பின்னான நிலைத்த ஆளுமை மாற்றம். இரண்டு வருடம் நீடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அது மூலையில் கிடந்தது. எடுத்துப் பயன்படுத்தியவர் குறைவு. 2019 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பதினோராவது வகைப்பாட்டில்தான் சிக்கலான மனவடு நோய் தனி நோயாக, 6பி41 என்ற குறியீட்டுடன் வந்தது. வழமையான மனவடு நோய் 6பி40. அமெரிக்கக் கைநூல் இன்றும் இதைத் தனியாக ஏற்கவில்லை. அமெரிக்கப் பாடநூலை வைத்துப் படித்துவிட்டு வருபவர் "அப்படி ஒரு நோயே இல்லை" என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

புதிய வரையறையை ஒரு வீட்டின் இரண்டு தட்டாக நினைத்துக்கொள்ளலாம். கீழ்த்தட்டில் வழமையான மனவடு நோயின் மூன்று குறிகள். நடந்தது இப்போதும் நடப்பதுபோலக் கனவிலோ விழிப்பிலோ திரும்பி வருதல். அதை நினைவூட்டும் எண்ணத்தையோ இடத்தையோ ஆட்களையோ தவிர்த்தல். ஆபத்து இன்னும் பக்கத்தில் நிற்பது போன்ற விழிப்பும் திடுக்கிடலும். இவை சில வாரங்களாவது நீடித்து வாழ்க்கையைக் குழப்பியிருக்க வேண்டும். மேல்தட்டில் இன்னும் மூன்று. உணர்ச்சி கட்டுக்குள் நில்லாமை, அதாவது பொங்கினால் அடங்க நெடுநேரம் எடுப்பது அல்லது ஒன்றும் உணராமல் விறைத்துப்போவது. தன்னைப் பற்றி ஆழப்பதிந்த இழிவான எண்ணமும் வெட்கமும் குற்றவுணர்வும். மற்றவர்களுடன் நெருங்கி நிற்க இயலாமை. கீழும் மேலும் ஆறும் இருந்தால்தான் சிக்கலான மனவடு நோய். ஒருவருக்கு வழமையானது, சிக்கலானது என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம், இரண்டையும் சேர்த்து எழுதக்கூடாது.

இங்கே இரண்டு தவறுகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிகழ்வு எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்கு நோய் என்று எடுப்பது முதலாவது. நீண்டகாலம் வதைபட்ட ஒருவருக்கு வழமையான மனவடு நோய் மட்டும் இருக்கலாம், ஒரு நோயும் இல்லாமலும் இருக்கலாம். ஒரே ஒரு நிகழ்வுக்குப் பின் ஆறு குறிகளும் வருவதும் உண்டு. நோயைத் தீர்மானிப்பது குறிகள். நிகழ்வு வாசல் மட்டுமே. 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,500க்கு மேற்பட்ட வீடுகளில் நடந்து, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வில் மனவடு நோயின் குறிகள் 7 வீதமானோரிடமே காணப்பட்டன. பதகளிப்பு, அதாவது ஓயாத பதற்றம், 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். "வடக்கில் எல்லாருக்கும் மனவடு" என்று மேடையில் பேசுபவர்கள் இந்த 7 வீதத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு நடந்த காலத்தில் சிக்கலான மனவடு நோய் என்ற பிரிவே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பதகளிப்பு, மனச்சோர்வு என்று எண்ணப்பட்டவர்களுக்குள் இந்த மேல்தட்டுக் குறிகள் எத்தனை பேரிடம் இருந்தன என்பதை அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

இரண்டாவது தவறு, எதற்கும் யுத்தத்தையே காரணமாக்குவது. இது எங்கள் மண்ணுக்கே உரிய பிழை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வையும், 2004 சுனாமியையும், 2009ஐயும் சபையில் சொல்லலாம். சொன்னால் கேட்பவர் தலையசைப்பார். 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் கதையைச் சொல்வதற்கே ஆட்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். வீட்டுக்குள் நடந்ததை அதைவிடவும் சொல்ல இயலாது. சிறு வயதில் பெரியப்பா செய்தது, இருபது வருடமாகப் புருசன் அடித்தது, குடித்துவிட்டு வரும் தகப்பனுக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே படுத்த இரவுகள் எல்லாம் யுத்தம் என்ற பெரிய சொல்லின் நிழலில் மறைந்துவிடுகின்றன. சிக்கலான மனவடுவுக்கு மிகப் பொருத்தமான விளைநிலம் இதுதான்: நெருங்கியவர், திரும்பத் திரும்ப, தப்ப வழியில்லாமல். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை ஒன்று கையை வெட்டிக்கொண்டு வரும்போது "தாய்தகப்பன் யுத்தத்தைக் கண்டவர்கள், அந்தப் பாதிப்பு" என்று எழுதி முடித்தால், அந்தப் பிள்ளையின் வீட்டில் இன்று என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்பதே பொருள்.

எமது கோரிக்கையின் நடு இதுதான்: நோயைப் பிடிப்பதற்குக் கேள்விகளை விடக் கேள்விகளின் ஒழுங்கு முக்கியம். வழக்கத்தில் நடப்பது தலைகீழ். முதல் சந்திப்பிலேயே "உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்பார்கள். சிலர் சொல்லிவிட்டு அன்றிரவு நித்திரையில்லாமல் தவித்து, அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்கள். சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். கொப்பியில் "மனவடு இல்லை" என்று விழும். அந்த வரி பத்து வருடம் அழியாது.

மூன்று சந்திப்பு போதும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம்.

முதலாவதில் நிகழ்வின் விபரத்துக்குள் போகவே கூடாது. நித்திரை, பசி, வலி, குடி, குளிசைகள், வீட்டில் யார் யார் என்ற விபரம். பிறகு பாதுகாப்பு: சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, வழி யோசித்து வைத்திருக்கிறாரா, இப்போதும் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா. இதை முதலில் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றும் அடிபடுகிற பெண் கதவைப் பார்த்தபடி இருப்பதும் காலடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் நோய்க்குறி என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அது அவரை உயிரோடு வைத்திருக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். ஆபத்து ஓய்ந்த பின்னும் ஓயாத விழிப்பைத்தான் நாங்கள் தேடுகிறோம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு தாளில் நீளக் கோடு ஒன்று கீறி, பிறந்த வருடம் ஒரு முனையில், இன்று மறுமுனையில் என்று வைத்து, நடுவில் ஒவ்வொரு சொல்லாகக் குறிக்கச் சொல்லலாம். எங்கள் ஆட்கள் வருடத்தை விட இடப்பெயர்வை வைத்தே காலத்தை நினைப்பார்கள். "இந்தியன் ஆமி வந்தபோது", "சாவகச்சேரிக்குப் போனபோது" என்று கேட்டால் கோடு தானாக நிரம்பும். "வள்ளத்தில நடந்தது" என்று இரண்டு சொல் எழுதினால் போதும். என்ன நடந்தது என்று தோண்ட வேண்டாம்.

இந்த இடைவெளியில் உடம்பையும் பார்த்துவிட வேண்டும். ஈமோகுளோபின், தைரொயிட், இரத்தச் சீனி. தலையில் அடிபட்டதா, நினைவு தப்பியதா என்ற கேள்வி. உடம்பில் எறிகணைச் செல் துண்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்காமல் வலியை "மனசால வாற நோ" என்று எழுதுவது அநியாயம். துண்டும் இருக்கலாம், மனவடுவும் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடாது.

இரண்டாவது சந்திப்பில் குறிகள். இதற்குச் சர்வதேச மனவடு வினாக்கொத்து என்ற சிறிய கருவி உண்டு, காசில்லாமல் கிடைக்கும். பதினெட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. கீழ்த்தட்டுக் குறிகளுக்கு ஆறு கேள்வி, அவை வாழ்க்கையைக் குழப்புகின்றனவா என்று மூன்று. மேல்தட்டுக்கும் அதேபோல ஆறும் மூன்றும். 2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அந்தக் குறி உண்டு என்று எடுப்பது. ஒவ்வொரு குறிக்கும் உள்ள இரண்டு கேள்விகளிலும் ஒன்றாவது விழவேண்டும், குழப்பத்துக்கான மூன்றிலும் ஒன்றாவது விழவேண்டும். மொத்தப் புள்ளியைக் கூட்டி "நாற்பதுக்கு மேல், ஆகவே நோய்" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. கீழ்த்தட்டுக் கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. மேல்தட்டுக் கேள்விகள் வழமையில் எப்படி என்பதைப் பற்றியவை. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நேற்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் மேல்தட்டு முழுவதற்கும் 4 போடுவார்.

வாசிக்கத் தெரிந்தவருக்கும் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் கூட இருந்து வாசிப்பதே நல்லது. ஏனெனில் எல்லாத் தொல்லையும் மொழியில்தான் தொடங்குகிறது. "துர்க்கனவு வருகிறதா" என்றால், பாம்பு துரத்துவதும் பல் விழுவதும் என்ன பலன் என்று எங்கள் அம்மாமார் யோசிக்கத் தொடங்குவார்கள். "நடந்தது கனவில திரும்பி வருதோ, முழிச்சா நெஞ்சு இடிக்குதோ" என்று கேட்க வேண்டும். "பெறுமதியற்றவர் என உணர்கிறீர்களா" என்பது பரீட்சைத் தாள் தமிழ். மக்கள் சொல்வது "நான் இருந்தென்ன விட்டென்ன", "ஒண்டுக்கும் உதவாதவள்", "என்னைத் தொட்டதெல்லாம் நாசம்". உணர்வு மரத்தல் "விறைச்சுப்போய்க் கிடக்கு", "அழுகை வாறதே இல்லை" என்று வரும். நெருங்க இயலாமை "ஆக்களோட ஒட்டேலாமல் கிடக்கு" என்று வரும். இந்தச் சொற்களை வைத்து வினாக்கொத்தை இங்கே மொழிபெயர்த்து, திருப்பி மொழிபெயர்த்து, வடமராட்சியிலும் தீவகத்திலும் வன்னியிலும் சாதாரண மக்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று சோதித்த பின்னரே கிளினிக்குக்குள் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த தாளை அப்படியே இங்கு இறக்குவது எங்களுக்கு உடன்பாடில்லை. பதகளிப்பு என்ற எங்கள் சொல்லே அங்கு எத்தனை பேருக்கு விளங்கும்?

தவிர்த்தல் பற்றிய கேள்வி இன்னும் இடறும். தன் தம்பி செத்த சந்தியால் தினமும் பஸ்ஸில் போகும் பெண் "நான் ஒண்டையும் தவிர்க்கிறேல்லை" என்பார். வேறு பாதை இல்லாததால் போகிறார். "வேறை றோட்டு இருந்தா எந்த றோட்டால போவீங்கள்? அந்தச் சந்தி வரேக்கை என்ன செய்வீங்கள்?" என்று கேட்டால், கண்ணை மூடுவதும் பையைக் கிண்டுவதும் வெளிவரும். திடுக்கிடலையும் அப்படித்தான் கேட்க வேண்டும். கோயில் திருவிழா வெடி, ஹெலிச் சத்தம், பொலித்தீன் பை வெடிக்கும் சத்தம் என்று ஊர் உதாரணம் சொன்னால் பத்து நிமிடம் மிச்சம்.

பாலியல் வன்முறையை நேரடிச் சொல்லால் கேட்டால் "இல்லை" என்ற விடையே வரும். "உங்களுக்கு விருப்பமில்லாமல் ஆராவது உங்கட உடம்பைத் தொட்டதுண்டோ" என்று கேட்பதே பொருத்தம். ஆண்களிடமும் கேட்க வேண்டும். தடுப்புக்காவலில் இருந்துவிட்டு வந்த ஆண்களிடம் இதைக் கேட்காமல் விடுவதை நாகரிகம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அவர்களுக்கு அது மூடிய கதவு. விடை எதுவாக இருந்தாலும் அந்தச் சந்திப்பில் அதற்கு மேல் போகத் தேவையில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் "போய்விடுவதை" அதாவது மனம் இங்கிருந்து விலகிப்போவதை, எப்படிக் கண்டுபிடிப்பது? கண் ஒரு புள்ளியில் நிலைத்துவிடும், மூச்சு மேலோட்டமாகும், கை சில்லிட்டுப்போகும், விடை ஒற்றைச் சொல்லாகும். அப்போது கேள்வியை நிறுத்திவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன நாள், இது எந்த இடம் என்று சொல்லி, இரண்டு காலையும் நிலத்தில் அழுத்தச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, அறையில் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்ல வேண்டும். கண்ணை மூடச் சொல்லக்கூடாது. மூச்சடைக்கச் செய்து வதைக்கப்பட்டவருக்கு "கண்ணை மூடி ஆழமாய் மூச்சை இழுங்கோ" என்ற அறிவுரையே பழைய அறைக்குத் திரும்பும் வழியாகிவிடும். மூச்சுப் பயிற்சியும் சாந்தி ஆசனமும் இங்கு பலருக்கு உதவியிருக்கின்றன, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆளைப் பார்த்து, கண் திறந்தபடி தொடங்க வேண்டும்.

மூன்றாவது சந்திப்பு, ஒத்த நோய்களைப் பிரிப்பதற்கு. எது உரத்துச் சத்தம் போடுகிறதோ அதற்குப் பெயர் வைத்துவிடுவதே இங்கு நடக்கும் பெரிய பிழை. கத்தினால் ஆளுமைக் கோளாறு, குரல் கேட்டால் உளப்பிளவு, மரத்துப்போனால் மனச்சோர்வு, விழுந்தால் வலிப்பு, குடித்தால் குடிநோய். எல்லாம் ஒரே ஆளில் அடுத்தடுத்த வருடங்களில் எழுதப்படுவதும் உண்டு.

குரலை எடுங்கள். மனவடுவில் கேட்கும் குரல் பெரும்பாலும் தெரிந்தவருடையது: அடித்தவருடையது, அல்லது செத்தவருடையது. அந்த நினைவு தட்டுப்படும்போது வரும், தலைக்குள் கேட்கும். செத்துப்போன புருசன் மாலையில் வந்து கூப்பிடுவதாக ஒரு விதவை சொன்னால் அது துயரமாக இருக்கலாம். எங்கள் ஊரில் அது அசாதாரணமும் அல்ல. உளப்பிளவில் குரலோடு சிந்தனைக் குழப்பமும் ஆதாரமற்ற உறுதியான நம்பிக்கைகளும் சேர்ந்து நிற்கும். இந்த அடையாளங்கள் எப்போதும் கறாராகப் பிரிந்து நிற்பதில்லை. ஆகவே ஒரே நாளில் முடிவெடுத்து உளப்பிளவுக்கான மாதாந்த ஊசி எழுதுவதை விட ஒரு மாதம் பார்த்து எழுதுவது நல்லது. "விசர் ஊசி போடுறவள்" என்ற பெயர் ஒரு கிராமத்தில் எத்தனை கலியாணத்தைக் குழப்பும் என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுடன் குழம்புவதும் அதிகம். அதில் தன்னைப் பற்றிய எண்ணம் ஊசலாடும்; இன்று நல்லவள், நாளை ஒன்றுமில்லாதவள். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் உறவுக்குள் பாய்ந்து ஒட்டுவதும் உடைப்பதுமாக இருக்கும். சிக்கலான மனவடுவில் இழிவெண்ணம் ஆடாமல் நிற்கும், உறவிலிருந்து ஒதுங்குவார்கள். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. இருமுனைக் கோளாற்றில் உற்சாக நிலை நாட்கணக்கில் நீடிக்கும், நித்திரை இல்லாமலேயே தெம்பாகத் திரிவார்கள். மனவடுவில் மனநிலை மணிக்கு மணி மாறும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் தட்டிவிட்ட ஏதோ ஒன்று இருக்கும், நித்திரையில்லாவிட்டால் களைத்து விழுவார்கள்.

விழுகிறவர்களுக்கு, வீட்டாரிடம் கைபேசியில் வீடியோ எடுத்துவரச் சொல்வது எந்தப் பரிசோதனையையும் விட மலிவு. வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், ஓரிரு நிமிடத்தில் அடங்கும், நாக்கின் பக்கம் கடிபட்டிருக்கலாம், பிறகு கொஞ்ச நேரம் குழப்பமாக இருப்பார். மனவடுவால் வரும் விழுகையில் பெரும்பாலும் கண் இறுக மூடியிருக்கும், தலை பக்கத்துக்குப் பக்கம் ஆடும், கூடிக் குறைந்து ஐந்து பத்து நிமிடத்துக்கும் மேல் போகும். இரண்டும் உள்ளவர்களும் இருப்பதால் வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது. "நடிக்கிறாள்" என்று எவரும் வாயெடுக்கவும் கூடாது. கோயிலில் உரு வருவதைப் பற்றியும் ஒரு சொல்: வழிபாட்டுக்குள், வர வேண்டிய வேளையில் வந்து போவது நோயல்ல. வீட்டில், சமையலறையில், விருப்பமில்லாமல் வந்து ஆளைக் குழப்பினால்தான் எங்கள் வேலை. நூல் கட்டுவதையும் பார்வை பார்ப்பதையும் ஏளனம் செய்பவரிடம் நோயாளி திரும்பி வரமாட்டார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நீடித்த துயர நோய் என்று 6பி42 குறியீட்டில் ஒன்று இருக்கிறது; இறப்புக்குப் பின் ஆறு மாதத்துக்கும் மேலாக, ஊர் வழக்கத்தை மீறி நீளும் ஏக்கம். அது இறப்பை முன்வைத்து எழுதப்பட்டது. உடலும் இல்லாமல் விடையும் இல்லாமல் இருப்பவருக்கு அந்தச் சட்டை பொருந்தாது. பொட்டை அழிக்காமல், அந்தியேட்டி செய்யாமல் இருக்கும் தாயைப் பார்த்து "ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்" என்று கொப்பியில் எழுதுவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அவருக்கு மனவடு நோயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காத்திருப்பது அதன் குறியல்ல. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் சமூகம் முழுவதும் பட்ட வடுவைப் பற்றி நெடுங்காலம் எழுதிவந்திருக்கிறார்கள். தனி ஆளின் கொப்பியில் நோயை எழுதும்போதும் அந்தச் சமூகத்தை அருகில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சரியான பெயர் எழுதினால் என்ன மாறும் என்று கேட்கலாம். முதலாவது, நித்திரைக் குளிசை. டயசிபாம் வகை மருந்துகள் மனவடுவை ஆற்றுவதில்லை, பழக்கமாகிவிடும். மனவடு நிகழ்வு நடந்து ஒரு மாதத்துக்குள் அதன் குறிகளுக்கோ நித்திரையின்மைக்கோ அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொன்னது. வருடக்கணக்காகக் குடித்தவர் அதைத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. வைத்தியர் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். இரண்டாவது, உளவளத்துணையின் ஒழுங்கு. உணர்ச்சியை அடக்கப் பழக்குவதும் நாளாந்த வாழ்க்கையை நிலைப்படுத்துவதும் முதலில், நினைவைத் தொடுவது பிறகு என்பது ஒரு வழி; அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று வாதிடும் நிபுணர்களும் உண்டு. எங்கள் அனுமானத்தில் கிளினிக் ஒரு மாதத்துக்கு ஒருமுறைதான் என்றால் நிலைப்படுத்தாமல் நினைவைக் கிளறுவது தவறு. மூன்றாவது, நோயாளிக்குச் சொல்லும் வசனம். "உங்களுக்கு விசரில்லை. நீங்கள் கெட்டவவும் இல்லை. தப்ப வழியில்லாத இடத்தில தப்பிறதுக்கு உங்கட உடம்பும் மனசும் பழகின பழக்கம் இது. இப்ப அது தேவையில்லாத இடத்திலயும் வருது." இந்த நான்கு வரியைக் கேட்பதற்காகப் பதினைந்து வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் வாரத்தில் ஒரு பிற்பகல், கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, மூன்று பேருக்கு மட்டும் ஆளுக்கு நாற்பத்தைந்து நிமிட நேரம். நடையில் வாங்கில் வைத்துக் கேட்பதும், மாமியாரை அருகில் இருத்திக் கேட்பதும், தமிழ் தெரியாத வைத்தியருக்குச் சிற்றூழியர் மொழிபெயர்ப்பதும் நிற்கவேண்டும். கிளினிக் கொப்பியில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கி, குறிகள் ஆறும் உண்டா இல்லையா, எந்தத் திகதியில் கேட்டது என்று எழுதலாம். நிகழ்வின் விபரம் அதில் வேண்டாம், கொப்பி வீட்டுக்குப் போகிறது. குடும்பநல உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தருக்கும் நோயைத் தீர்மானிக்கும் வேலையைக் கொடுக்கத் தேவையில்லை. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் ஒரு வருடத்தில் ஆறு முறைக்கு மேல் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறவரைக் கவனித்து இந்தப் பிற்பகல் கிளினிக்குக்கு அனுப்பினால் போதும். மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு வைத்தியசாலையில் ஆறு மாதம் இதைச் செய்துபார்த்தால், எத்தனை கொப்பியில் நோயின் பெயர் மாறுகிறது என்பது தெரிந்துவிடும்.

வாசகர்களுக்கு: வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "நடந்ததைச் சொல்லு, சொன்னாத்தான் பாரம் குறையும்" என்று வற்புறுத்தாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது பழைய கொப்பிகள் எல்லாவற்றையும், குடிக்கும் குளிசைகளை உறையோடும், விழுகிறவர் என்றால் அந்த வீடியோவையும் கொண்டுபோங்கள். அவர் தனியாக உள்ளே போக விரும்பினால் நீங்கள் வெளியில் இருங்கள். சாகும் எண்ணம் வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், அல்லது எந்த நேரத்திலும் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
உளநலப் பணியிலுள்ள சிலர்,
யாழ்ப்பாணம்.